உடைத்துத் தரும் கல்

ஆம்பூரில் கடல்நீர் மீன்தொட்டி வைக்கிற தொழில் செய்கிறேன் என்று சொன்னால் ஆரம்பத்தில் சிரிப்பார்கள். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறி நான்கு மணி நேரம் உட்கார வேண்டிய ஊர் இது. பாலாற்றில் தண்ணீர் வந்தாலே போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள், நீ எங்கேயிருந்து கடலைக் கொண்டுவரப் போகிறாய் என்று என் மாமனாரே கேட்டார். கொண்டுவந்தேன். மேல்விஷாரத்திலிருந்து வாணியம்பாடி வரை எத்தனையோ தோல் முதலாளிகளின் கூடங்களிலும் டாக்டர்களின் காத்திருப்பு அறைகளிலும் அது இன்றைக்கும் நீலமாக மின்னிக்கொண்டிருக்கிறது. முட்டி இரண்டும் மக்கர் செய்ய ஆரம்பித்ததால் நான் ஒதுங்கிக்கொண்டேன். கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கடையில் கேட்டார்கள்.

உப்பை எப்படிக் கலப்பது, பம்ப்பை எங்கே மாட்டுவது என்பதெல்லாம் டப்பாவின் மேலேயே அச்சடித்திருக்கிறது. நான் கல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அந்தக் கல்லை வைத்து நான் ஒரு மனிதனுக்குச் செய்ததையும் எழுதுகிறேன்.

தொட்டியின் அடியில் அடுக்குகிற காய்ந்த சுண்ணாம்புக் கல்லைத்தான் அடிக்கல் என்கிறோம். கடலிலிருந்து பவளப்பாறையை எடுப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். எவனாவது மலிவாகத் தருகிறேன் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நமக்கு வேண்டியது நிலத்தில் கிடைக்கிற கல். துளை துளையாக, கையில் எடுத்தால் பார்ப்பதற்கு இருக்கிற எடையை விடக் குறைவாக இருக்க வேண்டும். மீன் சரியில்லை என்றால் மாற்றலாம், தண்ணீர் சரியில்லை என்றால் இறைத்துவிடலாம். கல் சரியில்லை என்றால் மொத்தத்தையும் பிரித்துப்போட வேண்டும். அந்தத் துளைகளுக்குள் அது என்னத்தைக் குடித்துவிட்டு வந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. குடித்ததை எல்லாம் நம் தொட்டிக்குள் வந்துதான் கக்கும்.

இதை நான் கற்றது அசிங்கப்பட்டுத்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் வண்டியில் கல் கொண்டுவந்தார். வெள்ளையாக, லேசாக, துளை துளையாக இருந்தது. வினிகர் விட்டேன், நுரைத்தது. சுண்ணாம்புதான், சந்தேகமில்லை என்று வாங்கி ஊற வைத்தேன். மூன்றாம் நாள் தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. பழைய தோல் தொழிற்சாலையில் மயிர் நீக்குவதற்குத் தோலை ஊற வைக்கிற சுண்ணாம்புத் தொட்டியின் அடியில் இறுகிப்போன கசடை, உளியால் கொத்தி எடுத்து எனக்கு விற்றிருக்கிறார் அந்தப் புண்ணியவான். அக்கம்பக்கத்தார் என் வீட்டில் யாரோ தோல் பதனிடுகிறார்கள் என்று புகார் கொடுக்கப் போனார்கள்.

அன்றையிலிருந்து நான் எதையும் நம்புவதில்லை. எந்தக் கல் வந்தாலும் மூட்டைக்கு ஒன்றை எடுத்துச் சுத்தியலால் இரண்டாக உடைப்பேன். உள்ளே துருக்கோடு இருக்கிறதா, கறுப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன், மோந்து பார்ப்பேன், யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்று போலீஸ்காரன் மாதிரி கேட்பேன். என் மனைவி சரோஜா, "நீங்க இட்லியக்கூட ஒடச்சு மோந்து பாத்துட்டுத்தான் துன்றீங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

நசீர் என்னிடம் வந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. நாற்பது வயதிருக்கும். ஒரு தோல் தொழிற்சாலையில், தோலில் ஒட்டியிருக்கிற சதையைச் சீவுகிற மெஷினில் வேலை. அதற்கு முன்னால் அங்கேயே மருந்து ஸ்டோரில் மூன்று வருஷம் இருந்தவன். கை முழுக்க வெடிப்பு. மெஷின் சத்தத்தில் ஒரு காது சரியாகக் கேட்காது. வீட்டில் ஒரு சின்ன கடல் தொட்டி வைத்திருந்தான், அதன் மேல் பைத்தியம். ஒரு கோணிப்பையில் கல் கொண்டுவந்து கொட்டினான். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல அடிக்கல்லை நான் பார்த்ததில்லை. குகையும் வளைவுமாக, ஒவ்வொன்றும் தானே ஒரு திட்டு மாதிரி நிற்கும். எங்கே எடுத்தது என்று கேட்டேன். "ஒரு எடத்துல ண்ணா" என்றான். அவ்வளவுதான்.

என் மீன் எங்கேயிருந்து வருகிறது என்று நானும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த வாரம் நேராக அங்கேயே போய் வாங்கிக்கொள்வார்கள். அதே நியாயம் அவனுக்கும் உண்டு என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. கல்லை உடைத்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. மோந்தேன், ஒன்றுமில்லை. இரண்டு வருஷம் அவன் கல்லை வைத்தே தொட்டி போட்டேன். ஒரு குறையும் வரவில்லை. ஆனாலும் மனதில் ஒரு மூலையில், இவன் ஏன் இடத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறான் என்று அரித்துக்கொண்டேயிருந்தது.

அப்போதுதான் ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைக்கிற கம்பெனி வைத்திருந்த ஒரு முதலாளி, வீட்டுக் கூடத்துக்கு ஆறடித் தொட்டி கேட்டார். நசீரின் கல்லை நான் வைத்த வேறு தொட்டிகளில் பார்த்திருந்ததால் அதோடு நிற்கவில்லை. அவர் கட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்தின் முன்கூடத்தில் சுவர் நீளத்துக்கு ஒன்று வைக்க வேண்டும், வீட்டில் இருப்பது நன்றாக வந்தால் பள்ளிக்கூடத்துக் கல் வேலை முழுக்க நசீருக்கே என்றார். அதை அடுக்கி முடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். பிறகு அதைப் பார்த்துக்கொள்ள அங்கேயே ஒரு வேலையும் உண்டு. நசீர் அன்றைக்கே போய் மேஸ்திரியிடம், இந்த மெஷினுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த வீட்டுக்காக அவன் கொண்டுவந்த மூட்டையில் ஒரு கல்லை உடைத்தேன். உள்ளே நட்சத்திரம் நட்சத்திரமாக ஒரு வரிசை. பவளத்தின் எலும்பில் இருக்கிற அதே பூ. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவன் யாரையோ பிடித்துக் கடலிலிருந்து திருடி எடுத்துக் காயவைத்து விற்கிறான் என்று முடிவே செய்துவிட்டேன். அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான் என்று நினைத்தேன். வேறு கல் தேட நாளும் இல்லை, அதையே எடுத்துக்கொண்டேன். நம் தொழிலில் புத்திசாலி என்று பெயரெடுத்தவன் இப்படித்தான் முட்டாளாகிறான்.

வழக்கமாகக் கல்லை ஊற வைக்கிற வேலையை நசீர்தான் என் வீட்டுக் கொல்லையில் வந்து செய்வான். இந்த முறை வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவனைக் கொல்லைப் பக்கமே விடவில்லை. கல் என் கைக்கு வந்த பிறகு அவன் கை அதில் படக் கூடாது, நாளைக்கு ஏதாவது ஆனால் குற்றம் யாருடையது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும், இதுதான் என் கணக்கு. இரண்டு தடவை வாசல் வரை வந்து, "நானும் கூட இருக்கறேன் ண்ணா, ஒரு கை குடுக்கறேன்" என்றான். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

கல் ஜாஸ்தி, பழைய தொட்டியில் கொள்ளவில்லை. பழைய சாமான் கடையில் ஒரு பெரிய நீல டிரம் வாங்கினேன். நம் ஊரில் நீல டிரம் இல்லாத வீடு உண்டா? தோல் தொழிற்சாலையில் மருந்து காலியானதும் டிரம் வெளியே வரும், கழுவி வெயிலில் போட்டால் அது நம் வீட்டுத் தண்ணீர் டிரம். நான் குளித்து வளர்ந்ததே அந்தத் தண்ணீரில்தான். சோப்புப் போட்டுத் தேய்த்து, ஒரு வாரம் வெயிலில் கவிழ்த்து வைத்தேன். சுத்திகரித்த நீரில் உப்புக் கலந்து, பம்ப் வைத்து, ஐந்து வாரம் கல்லை அதில் ஊறப்போட்டேன். கல்லை மோந்தேன், உப்பை மோந்தேன், தண்ணீரைச் சோதித்தேன். டிரம்மை மோந்து பார்க்கவில்லை.

தொட்டி வைத்தாயிற்று. நீங்கள் இதற்குள் பார்த்திருப்பீர்கள், புதுத் தொட்டியில் இரண்டாம் வாரம் கல்லின் மேல் ஒரு காவிப் படலம் படரும். வீட்டுக்காரர்கள் அழுக்கு என்று முகம் சுளிப்பார்கள், நாம் அது நல்லதற்குத்தான் என்று சமாதானம் சொல்வோம். முதலாளி வீட்டுத் தொட்டியில் அது வரவேயில்லை. நான்காம் வாரமும் கல் வெள்ளை வெளேரென்று இருந்தது. வீட்டுப் பெண்கள் எல்லாம் எவ்வளவு சுத்தம் என்று பாராட்டினார்கள். நானும், என் கைப் பக்குவம் அப்படி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஏதோ ஒன்று அங்கே எதையும் வளரவிடாமல் செய்கிறது என்று என் மண்டையில் ஏறவில்லை.

ஆரஞ்சு க்ளவுன் மீன்கள் ஆறு விட்டோம், இரண்டு இறாலும். இறால் இரண்டும் முதல் நாளே போயின. மீன்கள் ஒவ்வொன்றாக மூலையில் ஒதுங்கி, வாயைத் திறந்து திறந்து மூடி, நான்கு நாளில் முடிந்தன. அமோனியா இல்லை, உப்பு சரி, சூடு சரி. எந்தச் சோதனையிலும் எதுவும் அகப்படவில்லை.

முதலாளி என்னையும் நசீரையும் கூப்பிட்டனுப்பினார். கூடத்தில் அவருடைய மாப்பிள்ளையும் பள்ளிக்கூடம் கட்டுகிற இன்ஜினியரும் இருந்தார்கள். அவர் கத்தவில்லை. என்ன ஆயிற்று என்று அமைதியாகக் கேட்டார். தெரியவில்லை, முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நாள் வரும். அந்த நேரத்தில் "தெரியல" என்கிற வார்த்தை மட்டும் வாயில் வராது.

"கல்லு சரியில்ல மொதலாளி" என்றேன். "நசீரு கொண்டாந்த கல்லு. எங்கருந்து கொண்டாறான்னு இன்னிவரைக்கும் சொன்னதில்ல. எடுத்த எடம் நல்ல எடம்னா சொல்றதுக்கு இன்னா?"

எல்லோரும் நசீரைப் பார்த்தார்கள். அவன் என்னை மட்டும் பார்த்தான்.

"நீங்க தனியா கேட்டிருந்தா அன்னிக்கே வண்டில ஒக்கார வெச்சு இட்டுனு போய்க் காட்டியிருப்பேன் ண்ணா" என்றான். "இத்தினி பேர் முன்னாடி கேட்டுட்டீங்க. இனிமே நான் இன்னா சொன்னாலும் பொய்யாத்தான் தெரியும்."

அவனே தொட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கோணியில் போட்டான். உப்புத் தண்ணீர் அவன் கைவெடிப்புகளில் எரிந்திருக்கும். நான் உதவிக்குப் போகவில்லை.

ஒரு வாரத்தில் பேர்ணாம்பட்டு வரைக்கும் செய்தி போய்விட்டது. நசீர் கல்லா, வேண்டாம், அதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறதாம். பள்ளிக்கூடத்துப் பேச்சு அப்படியே நின்றது. மேஸ்திரி இன்னும் வேறு ஆள் வைக்கவில்லை, அதனால் நசீர் திரும்ப அதே மெஷினில் போய் நின்றான். அதே மூட்டையின் மிச்சக் கல் தன் வீட்டுத் தொட்டியில் இருக்கிறது, மீன் எல்லாம் உயிரோடு இருக்கிறது, ஒரு தடவை வந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினான். வேறு கல்லைப் போட்டு நாடகம் ஆடுகிறான் என்று நினைத்து நான் போகவில்லை. சந்தேகம் பிடித்தவனுக்கு ஆதாரத்தைக் காட்டினால் அந்த ஆதாரத்தையும் சந்தேகப்படுவான்.

ஐப்பசி மழை வந்தது. கொல்லையில் இரண்டு டிரம்கள் திறந்து கிடந்தன. ஒன்று எங்கள் பழைய டிரம், இன்னொன்று கல் ஊறிய டிரம். இரண்டிலும் மழைத் தண்ணீர் நிரம்பி நின்றது. மழை விட்டுப் பத்து நாள் கழித்து சரோஜா கொல்லையிலிருந்து கூப்பிட்டாள்.

"இந்தப் பழைய டிரம்ல கொசுப்புழு நெளியுதுங்க. நீங்க புச்சா வாங்கியாந்தீங்களே, அதுல ஒண்ணுகூட இல்ல. கண்ணாடியாட்டம் கீது. பேசாம இத குடிக்கற தண்ணிக்கு மாத்திக்கலாமா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். பழைய டிரம்மில் சுவரெல்லாம் பாசி, தண்ணீர் முழுக்கப் புழு. இதில் பாசி இல்லை, புழு இல்லை, ஒரு காவிக் கறைகூட இல்லை. நான் நெஞ்சை நிமிர்த்தி நின்ற அதே சுத்தம். அதில் கை வைக்காதே என்று சரோஜாவிடம் கத்தினேன். பிறகு அங்கேயே துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இதற்கப்புறம் நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. தெரிந்தும் பதினொரு நாள் வாயைத் திறக்கவில்லை. இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலாளிக்குத் தெரிந்தால் என் பெயர் என்ன ஆகும் என்று பயந்தேன். நசீருக்குத்தான் தொழிற்சாலையில் வேலை இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அவன் எதிரே வந்தான். என்னைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையை அசைத்துவிட்டுப் போனான். திட்டியிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருப்பேன்.

மறுநாள் அந்த டிரம்மின் மூடியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஷிப்ட் முடிந்து வந்திருந்தான். மூடியை அவன் கையில் கொடுத்தேன். ஒரு தடவைதான் திருப்பினான்.

"பூஞ்ச மருந்து டிரம் ண்ணா. ஈரத்தோல்ல பூஞ்ச புடிக்காம இருக்க ஊத்தறது. இதுக்கு மட்டும்தான் ரெட்டப் பூட்டு மூடி வரும். இத எத்தினி கழுவினாலும் போவாது, பிளாஸ்டிக்குள்ளயே ஊறிடும். ஸ்டோர்ல இத வெளிய வுடாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்குவோம்." மூடியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். "அன்னிக்கு என்னக் கொல்லைக்குள்ள வுட்டிருந்தா, வாசல்லயே சொல்லியிருப்பேன்."

நான் எதைத் தடுக்க அவனை வெளியே நிறுத்தினேனோ, அதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் அவன்தான். மன்னிச்சிடு பாய் என்றேன். "மொதலாளி கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

அன்று சாயந்திரமே டிரம்மை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போனேன். பழைய டிரம்மிலிருந்து ஒரு குடம் புழுத் தண்ணீரும் எடுத்துப்போனேன். அவர் முதலில் நம்பவில்லை. நசீர் வந்து அழுதானா, தோஸ்த்துக்காகப் பழியைத் தூக்கித் தலையில் போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்டார். நான் சொன்ன பொய்யை ஒரு நிமிஷத்தில் நம்பியவருக்கு உண்மையை நம்புவது அவ்வளவு கஷ்டமாக இருந்தது. குடத்துத் தண்ணீரில் பாதியை நீல டிரம்மில் ஊற்றிவிட்டு, மீதியைக் குடத்திலேயே வைத்து, காலையில் பாருங்கள் என்றேன். காலையில் அவரே குனிந்து பார்த்தார். குடத்தில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. டிரம்மின் அடியில் அத்தனையும் செத்துக் கிடந்தன. மாப்பிள்ளையையும் இன்ஜினியரையும் கூப்பிடச் சொல்லி, அவர்கள் முன்னாலும் சொன்னேன். கல்லில் தப்பில்லை, தப்பு என்னுடையது, நசீரைப் பற்றி நான் சொன்னது அபாண்டம்.

முதலாளி பெரிய மனசு பண்ணினார். என்னை எதுவும் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்து வேலையை அதற்குள் சென்னைப் பார்ட்டி ஒருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பத்து நாள் முன்னால் வந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம் என்றார் இன்ஜினியர். அந்தப் பத்து நாள் எங்கே போயிற்று என்று எனக்குத்தான் தெரியும். நசீர் இன்னும் இரண்டு வருஷம் அந்த மெஷினில் நின்றான். நல்ல காதும் அதில் மந்தமாகிவிட்டது.

அவன் சொன்னபடியே ஒரு நாள் என்னைக் கூட்டிப் போனான். அரியலூர்ப் பக்கம் ஒரு காட்டில், சுண்ணாம்புக்கல் தோண்டி வேண்டாமென்று ஒதுக்கிய குவியல். அவன் மச்சான் அங்கே லாரி ஓட்டுகிறார், இடத்துக்காரரிடம் சொல்லிவிட்டே எடுக்கிறார்கள். கடைசி மூட்டைக்கு அள்ளிய மூலையில் எதை எடுத்தாலும் அந்த நட்சத்திரம் இருந்தது. ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். நான் திருட்டு என்று நினைத்தது, மனிதனே பிறக்காத காலத்துப் பவளம்.

நீங்கள் சந்தேகப்படாமல் இந்தத் தொழிலைச் செய்ய முடியாது. கல்லைச் சந்தேகப்படுங்கள், உப்பைச் சந்தேகப்படுங்கள், அளவுக்கு மீறிய சுத்தத்தைக் கட்டாயம் சந்தேகப்படுங்கள். உங்கள் வீட்டிலேயே பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய சாமானை முதலில் சந்தேகப்படுங்கள். ஆள் மேல் சந்தேகம் வந்தால் மட்டும், நாலு பேர் இல்லாத இடத்தில் அவனையே கேளுங்கள்.

நசீர் இப்போது கல் வியாபாரம் மட்டும்தான் செய்கிறான். நம் கடைக்கும் அவன் கல்தான் வருகிறது, பார்த்திருப்பீர்கள். என்னோடு நன்றாகத்தான் பேசுவான். ரம்ஜானுக்குப் பிரியாணி வரும், பொங்கலுக்கு நான் போவேன். ஆனால் அந்த விவகாரத்துக்குப் பிறகு ஒரு மூட்டையைக்கூட அவன் எனக்கு அப்படியே தந்ததில்லை. முன்பு மூட்டைக்கு ஒன்றை நான் உடைப்பேன். அதற்கப்புறம் ஒவ்வொரு கல்லையும் அவனே என் கண்முன்னால் ஓரத்தில் தட்டி உடைத்து, உள்பக்கத்தை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் அடுக்குவான். நல்ல வடிவமான கல் எத்தனையோ அதில் பாழாயிற்று.

நான் ஒதுங்குவதற்கு முன் கடைசியாக ஒரு தொட்டிக்குக் கல் எடுக்கப் போனேன். வில் மாதிரி வளைந்த ஒரு அருமையான கல்லைக் கையில் எடுத்தான். மறுகையில் சுத்தியல்.

"இத ஒடைக்காத பாய். எனக்குத் தெரியும், நல்ல கல்லு" என்றேன்.

சரியாகக் காதில் விழவில்லையோ என்று, பக்கத்தில் போய் இன்னொரு தரம் சொன்னேன்.

"கேட்டுச்சு ண்ணா" என்றான். ஒரு தட்டுத் தட்டி, உள்பக்கத்தை என் பக்கம் திருப்பினான்.